ஏழு விளக்கும் எரிய வேண்டும்

முன்பொரு காலத்தில் கருவேல நாட்டை வீரசிங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். முன்கோபிதான், ஆனால் கல்நெஞ்சக்காரன் இல்லை. அந்த நாட்டில் ஒரு பாழாய்ப்போன வழக்கம் இருந்தது. ராஜா வாயால் சொன்னதை மறுநாள் விடிவதற்குள் நிறைவேற்றிவிட வேண்டும். ராஜாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று எவனாவது சொன்னால் அவன் நாக்கை அறுத்துவிடுவார்கள்.

அப்படிப்பட்ட ராஜாவுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை சமையற்காரர் சாத்தையா கஞ்சியோடு வந்தார். ராஜா சின்னப் பிள்ளையாக இருந்தபோதிலிருந்து அவனுக்குச் சோறு ஆக்கிப் போட்டவர்.

"கஞ்சியெல்லாம் கட்டெறும்பு. இவன் தலையை வெட்டுங்கள்" என்றான் ராஜா.

கஞ்சியில் ஓர் எறும்பும் இல்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். நாக்குக்குப் பயந்து மந்திரி உட்பட ஒருவரும் வாய் திறக்கவில்லை. விடிவதற்குள் சேனாபதி மல்லப்பன் காரியத்தை முடித்துவிட்டான். பாவம், சாத்தையா கடைசிவரை ராஜா கஞ்சி குடித்தாரா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

மந்திரி அம்பலவாணருக்கு அன்று சோறு இறங்கவில்லை. காலையில் ராஜாவின் கட்டிலருகே ஏழு அகல்விளக்குகளை ஏற்றிவைத்தார்.

"மகாராஜா, கிழமைகளைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லுங்கள்" என்றார்.

விட்டுப்போன ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு விளக்கை அணைத்தார். காலையில் ஐந்து மிஞ்சின, அந்தி சாய்ந்ததும் இரண்டுதான். நெல்லைப் படியால் அளப்பதுபோல, அன்றிலிருந்து காலையும் மாலையும் ராஜாவின் தெளிவை அளந்துகொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை அந்தியில், நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்த ராணி செண்பகவல்லியின் கையை ராஜா தட்டிவிட்டான்.

"இவள் என் மனைவி இல்லை. அவள் முகத்தை மாட்டிக்கொண்டு வந்த பேய். கொன்றுவிடுங்கள்."

மல்லப்பனுக்கு உள்ளூரக் கொண்டாட்டம். ராணி போனால் தன் தங்கையை அந்த இடத்தில் உட்காரவைக்கலாம், மந்திரியையும் விரட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான்.

"சேனாபதியாரே, இரண்டு விளக்குதான் எரிகிறது. ஏழும் எரியும்வரை பொறுத்தால் என்ன?" என்றார் மந்திரி.

"ராஜாவுக்குப் புத்தி சரியில்லை என்கிறீரோ? நாக்கு பத்திரம், மந்திரியாரே."

"நான் அப்படிச் சொல்வேனா? இரண்டு விளக்கில் சொன்னாலும் ராஜவாக்கு ராஜவாக்குதான் என்கிறீர்கள். சரி, அப்படியே ஆகட்டும். ராணியைக் கொல்வது சின்னக் காரியமா? முழு உடுப்பில் வந்து மகாராஜாவிடம் விடைபெற்றுப் போங்கள்."

மல்லப்பனுக்குத் தன் கொம்பு வைத்த தலைக்கவசத்தின்மேல் அவ்வளவு பெருமை. அதை மாட்டிக்கொண்டு வந்து கட்டில்முன் நிமிர்ந்து நின்றான். ராஜா வெறித்துப் பார்த்தான்.

"எருமையை உள்ளே விட்டது யார்? வெட்டிக் காளிக்குப் பலி கொடுங்கள்."

காவலர்கள் மல்லப்பனின் தோளைப் பிடித்தார்கள். அவன் திமிறினான்.

"ஐயோ, மகாராஜா நினைவில்லாமல் பேசுகிறார். காய்ச்சல் தலைக்கேறிவிட்டது" என்றான்.

"அதை நான் சொல்லவில்லை, நீங்கள்தான் சொன்னீர்கள்" என்றார் மந்திரி.

காவலன் ஒருவன் நாக்கை அறுக்கக் கத்தியை எடுத்தான். ராணி தடுத்தாள். "விடுங்கள். இப்போதாவது ஒருவர் உண்மையைச் சொன்னாரே" என்றாள்.

அதன்பிறகு மற்றவர்களுக்கும் வாய் வந்தது. ஏழு விளக்கும் எரிந்தால்தான் ஆணை செல்லும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

காய்ச்சல் விட்ட காலையில் ராஜா ஏழு கிழமையையும் சரியாகச் சொன்னான். பிறகு, "பசிக்கிறது. சாத்தையாவைக் கஞ்சி கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றான்.

ராணிதான் அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ராஜா குப்புறப் படுத்து அழுதான்.

மல்லப்பனை அரண்மனை எருமைகளை மேய்க்க அனுப்பினார்கள். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான். மந்திரி வாங்கவில்லை. "ஒரு நாள் முந்தி அளந்திருக்க வேண்டும், மகாராஜா" என்றார்.

அதற்கப்புறமும் மரண தண்டனை என்று வந்தால் ராஜா ஏழு விளக்கையும் ஏற்றச் சொல்வான். சனி, வெள்ளி, வியாழன், புதன் என்று தடங்கலில்லாமல் வருவான். செவ்வாய் மட்டும் வாயில் வராது. அது காய்ச்சல் இல்லை என்று மந்திரிக்குத் தெரியும். ஆனாலும் எழுந்துபோய் ஒரு விளக்கை அணைத்துவிடுவார். ஆறு விளக்கில் ஆணை செல்லாது. வீரசிங்கன் இருந்தவரை கருவேல நாட்டில் வேறு ஒரு தலையும் விழவில்லை.