ஊருக்கு ஒரு எஸ்

மந்திமேட்டுக்காரர்கள் கெட்டவர்கள் என்று எந்த ஊரும் சொன்னது கிடையாது. எதையும் நன்றாக யோசித்துத்தான் செய்வார்கள். அது ஒன்றுதான் அவர்களிடம் உள்ள குறை.

அந்த ஊர் முக்கில் பழக்கடை வைத்திருந்தவன் மந்திரமூர்த்தி. அவன் தோட்டத்து வாழைகளெல்லாம் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே சமயத்தில் பழுத்துவிட்டன. உள்ளூர்க்காரர்கள் தின்று சலித்து, அவனைக் கண்டாலே வேறு தெருவில் திரும்பிப் போனார்கள். இன்னும் ஒரு நாள் போனால் அத்தனையும் மாட்டுக்குத்தான். 

அருவிக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிப்போகும் வேன் டிரைவர் தங்கையா வழி சொன்னார். "இங்கிலீஷ்ல போர்டு வைடே. நாளைக்கு வண்டிய நிறுத்துதேன். ‘பனானா’ன்னு எழுது. ஒரு பழம்னா அதோட விட்டுரு. ஒன்னுக்கு மேல இருந்தா கடைசில ஒரு எஸ் போட்டுக்கோ."

வண்டி போனதும் ஊர் கூடியது.

"பழம் வித்து ஒன்னே ஒன்னு மிஞ்சுச்சுன்னா, எழுதுன எஸ்ஸை என்ன செய்ய?" என்றான் மந்திரமூர்த்தி.

 ஆசாரி குருநாதன் சொன்னார்: "பலகைல அறுத்துத் தாரேன். ஆணில மாட்டிக்கோ. ஒன்னு மிஞ்சுனா கழத்திரு."

டீக்கடை பிச்சைக்கனி அண்ணாச்சிக்கும் ஆசை வந்துவிட்டது. "எனக்கும் ‘பன்’னு ஒரு போர்டு வைக்கணும். அதுக்கும் எஸ் வேணும்லா?"

"‘ஒரு எஸ்’னுதான டிரைவர் சொன்னாரு? ரெண்டு செஞ்சா தப்பாயிரும்" என்றார் குருநாதன். ஆகவே ஊருக்கு ஒரு எஸ். முதலில் டீக்கடையில் தொங்கும். பன் விற்று ஒன்றாக ஆனதும் பழக்கடைக்கு வரும்.

மறுநாள் காலை டீக்கடையில் இரண்டு பன் மிஞ்சி நின்றன. இரண்டும் கல். யாரும் தொடவில்லை. இங்கே பழக்கடையில் எஸ் இல்லாத போர்டு. மந்திரமூர்த்தி தார்களையெல்லாம் சாக்குப் போட்டு மூடினான். மனைவி இசக்கியம்மாளிடம், "வெளிய ஒரு பழம் வை. ரெண்டாவது கண்ணுல பட்டுது, நம்ம போர்டு பொய்யாயிரும்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்கு ஓடினான்.

"அண்ணாச்சி, எஸ்ஸைத் தாரும்."

"பன் ரெண்டு இருக்கே மூர்த்தி. உள்ளதைச் சொல்லணும்லா?"

வேறு வழியில்லாமல் ஒரு பன்னை வாங்கிக் கடித்தான். பன் அசையவில்லை, பல்தான் அசைந்தது. டீயில் ஊறவைத்து ஒருவழியாக விழுங்கி, எஸ்ஸைக் கழற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது வேனின் புழுதிகூட அடங்கியிருந்தது.

"வந்தாங்களா?"

"வேன் நிறைய வந்தாங்க" என்றாள் இசக்கியம்மாள். "ஒரு பழம் கேட்டாங்க, கொடுத்தேன். இன்னும் கேட்டாங்க. வெளிய இல்லையே, இல்லைன்னுட்டேன். சாயங்காலம் இந்த வழியாத்தான் திரும்புவாங்களாம்."

"ஒன்னு போனா இன்னொன்னை எடுத்து வைக்க மாட்டியா?"

"நீங்க சொல்லலியே."

ஊர் மறுபடி பழக்கடை முன்னால் கூடியது. இன்னொரு எஸ் அறுப்பது என்று முடிவாயிற்று. சாயங்காலம் வேன் வரும்வரை இரண்டையும் பத்திரமாக ஒரு பெட்டியில் வைத்தார்கள். பெட்டியில் இருப்பது என்னவென்று தெரியவேண்டாமா? குருநாதன் மூடிமேல் ‘எஸ்’ என்று எழுதினார்.

பிச்சைக்கனி அதை உற்றுப் பார்த்தார். "உள்ள ரெண்டு இருக்கு. ஒன்னுக்கு மேலன்னா மூடிலயும் கடைசில ஒரு எஸ் வேணும்லா?"

நியாயம்தான். உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து மூடிமேல் மாட்டினார்கள்.

"இப்ப உள்ள ஒன்னுதான் இருக்கு" என்றான் மந்திரமூர்த்தி.

அதுவும் நியாயம்தான். கழற்றி உள்ளே வைத்தார்கள். உள்ளே இரண்டாகிவிட்டது. எடுத்து மாட்டினார்கள். வேர்த்துக் கொட்டியது. யார்மேலும் தப்பில்லை, கணக்கும் நேராகவில்லை.

இந்த நேரத்தில் வேன் திரும்பி வந்துவிட்டது. போர்டில் எஸ் இல்லை. இசக்கியம்மாள் சாக்குக்கு அடியிலிருந்து ஒரு பழம் எடுத்து வைத்தாள். விற்றது. இன்னொன்று எடுத்து வைத்தாள். காலி என்று நினைக்கும்போதெல்லாம் சாக்கிலிருந்து பழம் வருவதைக் கண்டு வெள்ளைக்காரர்கள் வித்தை பார்க்கிற மாதிரி கைதட்டினார்கள். தட்டியபடியே வாங்கினார்கள். ஒருபக்கம் பெட்டி திறந்து மூட, ஒருபக்கம் பழம் வர, அருவியில்கூட இவ்வளவு போட்டோ எடுத்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் சாக்கு தட்டையாகிவிட்டது. வெளியே ஒரே ஒரு பழம். ஒருவர் அதற்குக் கை நீட்டினார்.

மந்திரமூர்த்தி ஓடிவந்து குறுக்கே நின்றான். "அதைத் தரமுடியாது சாமி. இப்பத்தான் போர்டு சரியா இருக்கு."

அந்தப் பழம் இன்னமும் அங்கேதான் இருக்கிறது. கறுத்துச் சுருங்கி, பழம் என்று அவன் சொன்னால்தான் தெரியும். பெட்டியும் இன்னும் திறந்து மூடிக்கொண்டுதான் இருக்கிறது; சுற்றி இருப்பவர்கள் மட்டும் சாப்பாட்டுக்கு ஆள் மாற்றிக்கொள்கிறார்கள்.