துவைக்காத துண்டும் தொங்கிய மகாராசாவும்

காது கொடுத்துக் கேளுங்கள். நம் கொள்ளுத் தாத்தாவின் கொள்ளுத் தாத்தாவுக்கே மீசை அரும்பாத காலம் அது. அப்போது மருதந்துறை என்ற நாட்டை மகுடேந்திரன் என்ற ராசா ஆண்டு வந்தார்.

அந்த நாட்டில் விளக்கு எரிந்தது இலுப்பை எண்ணெயில். வடை வெந்தது இலுப்பை எண்ணெயில். ராசாவின் மீசை மினுங்கியதும் இலுப்பை எண்ணெயில்.

அத்தனை எண்ணெயையும் ஆட்டித் தந்தவன் இருளப்பன். ஊருக்கெல்லாம் வெளிச்சம் தருகிறவனுக்கு இப்படி ஒரு பேர். அவனிடம் ஒரு செக்கு இருந்தது, ஒரு மாடு இருந்தது, தோளில் ஒரு துண்டு இருந்தது. வீட்டில் காத்தாயி என்ற மனைவி இருந்தாள்.

அந்தத் துண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பதினொரு வருடத்துக்கு முன் தேர்த் திருவிழாவில் ராசா அதிரசம் தின்றார். கையெல்லாம் எண்ணெய். பக்கத்தில் இருளப்பன் புதுத் துண்டு போட்டுக்கொண்டு நின்றான். ராசா அந்தத் துண்டின் நுனியை இழுத்துக் கையைத் துடைத்தார். வாயைத் துடைத்தார். மீசையையும் துடைத்தார். துண்டுக்கு மேலே ஒரு முகம் இருக்கிறதே என்று ஏறிட்டும் பார்க்காமல் போய்விட்டார்.

அன்றிலிருந்து இருளப்பன் அதைத் துவைக்கவில்லை. கறை போனால் கோபமும் போய்விடும் என்று பயந்தான். தன் செக்கு மாட்டுக்கு மகுடன் என்று பேர் வைத்தான். “ஏய் மகுடா, தின்னிப் பயலே, நட!” என்று நாள் முழுக்க வைவான். மாடு கோபித்துக்கொள்ளாது. பெருந்தன்மையான மாடு.

அரண்மனைக்கு எதிரே ஒரு பெரிய மருதமரம். அதில் முந்நூறு பழந்தின்னி வௌவால்கள் இருந்தன. பகலெல்லாம் தொங்கும். பொழுது சாய்ந்தால் இலுப்பைத் தோப்புக்குப் பறக்கும். மாசி பங்குனியில் பூவைத் தின்னும். மூஞ்சியில் மகரந்தத்தை அப்பிக்கொண்டு மரத்துக்கு மரம் தாவும். அப்படித் தாவினால்தான் பூ காயாகும். ஆடியில் பழத்தைத் தின்னும். விடிந்தால் மருதமரத்தடியில் கொட்டை கொட்டையாகக் கிடக்கும். காத்தாயி கூடையோடு போய் அள்ளி வருவாள். இருளப்பன் ஆட்டுவான்.

இது இருளப்பனுக்குத் தெரியும். காத்தாயிக்குத் தெரியும். மாட்டுக்குக்கூடத் தெரிந்திருக்கலாம். ராசாவுக்குத்தான் தெரியாது.

ஒரு தை மாதம் ராசா அந்த மரத்தடியில் நின்று தன் பெருமையைப் பேசினார். “என் தலைக்கு மேல் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்!” என்று கேட்டார்.

சொத்தென்று பதில் வந்தது. மகுடத்தின் நட்ட நடுவில்.

ராசா அண்ணாந்து பார்த்தார். முந்நூறு வௌவால்களும் காலை மேலே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தன.

“ராசாவுக்கு முன்னால் காலைத் தூக்கிக் காட்டுவதா?” என்று குதித்தார்.

முதல் கட்டளை போட்டார். இனி எல்லா வௌவாலும் தலை மேலாக, கால் கீழாக உட்கார வேண்டும். தண்டோரா போட்டார்கள். வௌவால்கள் தூங்கின.

இரண்டாம் கட்டளை போட்டார். தொங்குவதுதான் தொங்குகின்றன, மானத்தோடு தொங்கட்டும், முந்நூறு கோவணம் தையுங்கள் என்றார். தையல்காரர் அளவெடுக்க மரம் ஏறினார். கடிபட்ட விரலோடு இறங்கினார்.

மூன்றாம் கட்டளை போட்டார். மரத்தடியில் ராப்பகலாக முரசு அடியுங்கள் என்றார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த வௌவால்கள், மூன்றாம் நாள் மொத்தமாகக் கிளம்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. திரும்பி வந்துவிடுமோ என்று ராசா முரசை நிறுத்தவே இல்லை.

மாசியில் பூத்த இலுப்பைப்பூ சும்மா உதிர்ந்தது. ஆடியில் ஒரு பழமில்லை. ஊரில் விளக்கு அணைந்தது. வடை வேகவில்லை. ராசாவின் மீசை தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது.

ராசா இருளப்பனை வரச் சொன்னார். முகத்தைப் பார்க்காமல் துண்டைப் பார்த்தே பேசினார்.

“எண்ணெயை எங்கே பதுக்கினாய்?”

“கொட்டையே இல்லை, மகாராசா.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. அடுத்த ஆடிக்கு எண்ணெய் வரவில்லை என்றால் செக்கும் மாடும் அரண்மனைக்கு. நீ நாட்டை விட்டு வெளியே.”

இருளப்பன் வீட்டுக்கு வந்து மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். “மகுடா, உன்னைக் கொண்டுபோய் அந்த ஆளிடம் விடுவேனா?” என்று புலம்பினான்.

காத்தாயி சொன்னாள், “மாட்டிடம் என்னங்க பேச்சு? முரசை நிறுத்தினால் வௌவால் வரும். போய் ராசாவிடம் சொல்லுங்கள்.”

“அடியே, ‘நீர் செய்தது தப்பு’ என்று சொன்னால் முரசு நிற்காது. என் மூச்சுத்தான் நிற்கும்.”

கோபக்காரன் யோசித்தால் லேசில் விடமாட்டான். ஆவணி முழுக்க யோசித்தான். ஐப்பசி முழுக்க யோசித்தான். மார்கழிக் குளிரிலும் யோசித்தான். மாசி பிறந்து, முதல் பூ வாசம் வந்ததும் அரண்மனைக்குப் போனான்.

“மகாராசா, வௌவால்கள் தங்கள் மேல் மனத்தாங்கலாக இருக்கின்றன. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் எண்ணெய் வரும்.”

“நானா? நீயே போய்க் கேள்.”

“கேட்டேனே. எண்ணெய்க்காரன் பேச்சை நம்பிக் குடிவர முடியாதாம். ராசாவே வரவேண்டுமாம்.”

ராசா தன் நார் மீசையைத் தடவிப் பார்த்தார். கையில் குத்தியது. “சரி, நின்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.”

“ஐயையோ, நிற்கக் கூடாது! அவை பார்க்கும்போது நாம்தான் தலைகீழாகத் தொங்குகிறோம். அவற்றுக்கு அது பெரிய அவமரியாதை.”

இது ராசாவுக்கு உடனே புரிந்தது. மரியாதை விஷயத்தில் அவர் கெட்டி. “நியாயம்தான்” என்றார்.

“அப்புறம், முரசு அடித்தால் தாங்கள் சொல்வது ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்குமா?”

“கேட்காது. நிறுத்துங்கள் முரசை!”

முரசு நின்றது. ஒரு வருடத்துக்குப் பிறகு ஊரார் ஒருவர் பேசியது இன்னொருவருக்குக் கேட்டது. பாதிப் பேர் அங்கேயே சண்டை போட ஆரம்பித்தார்கள்.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் நாலு சேவகர்கள் ராசாவின் கால்களைப் பட்டுத் துணியால் கட்டி மருதக் கிளையில் தொங்கவிட்டார்கள். மகுடம் விழாமல் தாடையோடு சேர்த்துக் கட்டினார்கள். தொப்பை நெஞ்சுக்கு வந்தது. மீசை கண்ணுக்குள் போனது.

முதல் நாள் ராசா, “வௌவால்களே, வாருங்கள்” என்றார். ஒன்றும் வரவில்லை.

இரண்டாம் நாள், “வௌவால் ஐயாமார்களே, தயவுசெய்து வாருங்கள்” என்றார். ஒன்றும் வரவில்லை. காத்தாயி கிளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருளப்பன் ராசாவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்றாம் நாள் ராசாவுக்கு அழுகையே வந்துவிட்டது. “நான் செய்தது தப்பு. என் நாடு இருட்டாகக் கிடக்கிறது. வந்துவிடுங்கள்” என்றார்.

காற்றில் இலுப்பைப்பூ மணந்தது. ஆற்றுப் பக்கம் வானம் கறுத்தது. முந்நூறும் வந்தன. பாதி தோப்புக்குப் போயின. மீதி மருதமரத்தில் வந்து தொங்கின.

சொத்!

இந்தத் தடவை ராசாவின் உள்ளங்காலில் விழுந்தது. அங்கிருந்து முழங்கால், தொப்பை, தாடை, மூக்கு என்று ஊர்வலமாக இறங்கியது.

“என்ன ஐயா இது?”

“மன்னித்துவிட்டன, மகாராசா. முத்திரை வைத்திருக்கின்றன.”

ராசாவை இறக்கினார்கள். “துடைக்க ஏதாவது கொடுங்கள்!” என்று கத்தினார். மந்திரி வானத்தைப் பார்த்தார். சேனாபதி தரையைப் பார்த்தார். இருளப்பன் தன் துண்டை நீட்டினான்.

ராசா துடைத்தார். துடைத்தவர் முகம் சுளித்தார். “இதென்ன இப்படி ஒரு சிக்கு நாற்றம்?”

“பதினொரு வருடத்துக்கு முன் தாங்கள் தின்ற அதிரசம், மகாராசா.”

ராசா அப்போதுதான் துண்டை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார்.

“நானா துடைத்தேன்?”

“தாங்கள்தான்.”

“புதுத் துண்டா?”

“புதுத் துண்டு.”

ராசா தன் பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து இருளப்பன் தோளில் போட்டார். இருளப்பன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனுக்குக் கோபம் உண்டே தவிரப் பைத்தியம் இல்லை.

ஆடி வந்தது. மருதமரத்தடியில் கொட்டை குவிந்தது. விளக்கு எரிந்தது. வடை வெந்தது. ராசாவின் மீசை மினுங்கியது. செக்கும் மாடும் இருந்த இடத்திலேயே இருந்தன.

“ஏங்க,” என்று காத்தாயி கேட்டாள், “முரசை நிறுத்தியதே போதுமில்லையா? ராசா தொங்காவிட்டாலும் பூ வாசத்துக்கு வௌவால் வந்திருக்குமே?”

“வந்திருக்கும்.”

“பின்னே ஏன் மூன்று நாள் தொங்கவிட்டீர்கள்?”

“செக்குக்காக ஒரு நாள். துண்டுக்காக ஒரு நாள்.”

“மூன்றாம் நாள்?”

“பார்க்க நன்றாக இருந்தது.”

சொல்லிவிட்டு இருளப்பன் அந்தப் பழைய துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனான். சீயக்காய் போட்டு மூன்று தரம் துவைத்தான். திரும்பி வந்து மாட்டைப் பூட்டினான். “நடங்கள், மகாராசா” என்றான். மாடு திகைத்துப்போய் நின்றுவிட்டது.

ஆகையால் கேட்டவர்களே, நமக்குத் தலைகீழாகத் தெரிகிறது என்பதற்காக ஓர் உயிரை விரட்டினால், நம் வீட்டு விளக்கைத்தான் நாமே அணைத்துக்கொள்கிறோம்.