அடிக்கிண்ணத்தின் அவசரம்

மலையடிவார ஊர் ஒன்றில் நாச்சிமுத்து, வசந்தாமணி என்று ஒரு தம்பதி இருந்தார்கள். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாச்சிமுத்து, "நாளைக்கு ஓடைப் பாதையில நடந்துட்டு வரலாமா?" என்று கேட்டார். ஏற்றம் அதிகமில்லாத பாதை. மூட்டுவலிக்காரர்களே போய் வருகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

உடனே சமையலறையில் திட்டம் தொடங்கியது. நம் ஆட்கள் நடக்கப் போவதென்றால் முதலில் சோற்றுக்குத்தான் திட்டம் போடுவார்கள். கால்களைப் பற்றிய யோசனை அப்புறம்தான்.

"ரெண்டு பொட்டலம் வாங்கிக்கலாம் புள்ள. சுமை கிடையாது."

"பொட்டலச் சோத்தைத் திங்கறதுக்கா அவ்வளவு தூரம் போறோம்? புளிச்சாதம் கிண்டி கேரியர்ல எடுத்துக்கறேனுங்க. ஓடை நடுவுல பாறை இருக்குதல்ல, அதுல உக்காந்து காலைத் தண்ணியில விட்டுட்டுச் சாப்பிடலாம்."

அலமாரியில் இருந்த டிபன் கேரியரின் அடிக்கிண்ணம் இதைக் கேட்டுப் பூரித்துப்போனது. கேரியர் வசந்தாமணியின் அண்ணன் சீராகக் கொடுத்தது. அண்ணன் இப்போது இல்லை. அவர் பெயர் அந்த அடிக்கிண்ணத்தில்தான் வெட்டப்பட்டிருந்தது.

"என்னை அவள் எங்கேயும் விட்டுவிட்டு வந்ததில்லை, தெரியுமா?" என்றது அடிக்கிண்ணம். "ஒரு கல்யாண வீட்டில் நான் கூட்டத்தோடு கூட்டமாகக் காணாமல்போனேன். சமையல்கட்டுக்குள்ளேயே புகுந்து தேடி எடுத்துவந்தாள்."

"ஆரம்பித்துவிட்டது," என்றது மேல்கிண்ணம். இந்தக் கதையை அது கேட்காத நாளில்லை.

நடுக்கிண்ணத்துக்கு வேறு கவலை. அது மேசைமேல் கிடந்த கைபேசியிடம் கேட்டது: "நாளைக்கு மழை வருமா?"

"வெயில். சந்தேகமே வேண்டாம்."

"மலைக்கு மேலேயுமா?"

"என்னிடம் இந்த ஊருக்குத்தான் கேட்டார்கள். கேட்டதற்குச் சொன்னேன். கேட்காததற்கு நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும்?" என்று சொல்லிவிட்டுக் கைபேசி கண்ணை மூடிக்கொண்டது.

மறுநாள் கைபேசி சொன்னபடியே பளீரென்று வெயில் அடித்தது. இருவரும் நிழலாகப் பார்த்து மெல்ல நடந்தார்கள். நடுப்பகலில் பாறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கணுக்கால் அளவுதான் தண்ணீர். சாப்பிட்டு முடித்ததும் நாச்சிமுத்து விரிப்பை உதறிக் காயப்போடக் கரைக்குப் போனார். வசந்தாமணி மட்டும் பாறையிலேயே இருந்தாள். எச்சில் பாத்திரத்தை வீட்டுக்குள் கொண்டுபோவது அவளுக்கு ஆகாது. மேல்கிண்ணத்தையும் நடுக்கிண்ணத்தையும் கழுவினாள். அடிக்கிண்ணத்தில் புளிச்சாதம் ஒட்டியிருந்ததால் தண்ணீர் நிரப்பி ஊற வைத்தாள்.

அப்போது ஓடையில் சருகுகள் மிதந்து வந்தன. தண்ணீரின் நிறமும் மாறியது.

"என்ன ஆயிற்று உனக்கு?" என்று அடிக்கிண்ணம் ஓடையைக் கேட்டது.

"மலைக்கு மேலே காலையிலிருந்து மழை கொட்டுகிறது. அந்த வெள்ளம் என் பின்னாலேயே வருகிறது. அதைத் தடுக்க என்னால் முடியாது. அவளை எழுந்து போகச் சொல்."

"நான் சொன்னால் அவளுக்குக் கேட்குமா?"

நல்லவேளையாக நாச்சிமுத்து பார்த்துவிட்டார். "வசந்தா, தண்ணி கலங்குது. அப்படியே எந்திரிச்சு வா."

அந்தக் குரலில் இருந்த பயம் அவளையும் தொற்றிக்கொண்டது. கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு கரைக்கு ஓடினாள். கரையேறிக் கேரியர் கம்பிக்குள் கிண்ணங்களை அடுக்கியபோதுதான் ஒன்று குறைவது தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். அடிக்கிண்ணம் பாறைமேல் இருந்தது. இந்த நேரத்துக்குள் ஓடையில் தண்ணீர் முழங்காலளவு ஏறியிருந்தது.

"ஒரு எட்டு போய் எடுத்துட்டு வந்துடறேனுங்க."

"விட்டுத் தொலை. வேற வாங்கிக்கலாம்."

"எங்கண்ணன் பேரு அதுலதான் இருக்குது. வேற வாங்கினா அந்தப் பேரு வருமா?" கையைப் பிடித்தவரை உதறிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தாள்.

அடிக்கிண்ணத்துக்கு அவள் முகம் தெரிந்தது. தான் கண்ணில் படுகிறவரை அவள் நிற்கமாட்டாள் என்பதும் தெரிந்தது. மேலே எங்கோ பாறைகள் உருளும் சத்தம் கேட்டது.

"என்னை இழுத்துக்கொண்டு போய்விடு," என்றது ஓடையிடம்.

"முடியவில்லை. உள்ளே தண்ணீர் நிறைந்து கனமாக இருக்கிறாய். இன்னும் கொஞ்சம் ஏறட்டும்."

"அதற்குள் அவள் வந்துவிடுவாள்."

"வந்தால் உன்னை எடுத்துக்கொள்வாளே. உனக்கு அதுதானே பெருமை?"

"எடுத்துக்கொள்வாள். ஆனால் திரும்பிக் கரைக்குப் போவாளா?"

தண்ணீர் இன்னும் ஒரு விரலளவு ஏறியது.

அவள் அடுத்த காலையும் எடுத்து வைத்தாள். அடிக்கிண்ணத்துக்கு உயிரே போவதுபோல் இருந்தது. எத்தனையோ வருடம் அடுப்பில் சூடுபட்டு அதன் அடிப்பாகம் பிதுங்கிப்போயிருந்தது. சமமான தரையில்கூட ஆடும். அந்தக் கோணலை நினைத்து அது எப்போதும் கூசிப்போகும். இப்போது அந்தக் கோணலின்மேலேயே தன் பாரத்தையெல்லாம் சாய்த்தது. ஒருமுறை ஆடியது. மறுபடி ஆடியது. மூன்றாம் முறை பாறையிலிருந்து புரண்டு விழுந்தது. கலங்கிய தண்ணீரில் அது போன திசைகூடத் தெரியவில்லை.

வசந்தாமணி அப்படியே நின்றுவிட்டாள். எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நாச்சிமுத்து அவள் தோளைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டார். அவர்கள் மேட்டில் ஏறித் திரும்புவதற்குள் வெள்ளம் பாய்ந்து வந்துவிட்டது. பாறை இருந்த இடமே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வசந்தாமணி மிச்சமிருந்த இரண்டு கிண்ணங்களையும் அலமாரியில் கவிழ்த்துவைத்தாள். அடிக்கிண்ணம் இல்லாத கேரியர் கம்பியைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"பாழாப்போன கிண்ணம். செத்த நேரம் அங்கயே நின்னிருந்தா எடுத்திருப்பேன். அதுக்கு அப்படி என்ன அவசரமோ."

நடுக்கிண்ணத்துக்குப் பொறுக்கவில்லை. "அதைப் போய்த் திட்டுகிறாளே. நடந்தது அவளுக்குத் தெரியவேண்டாமா?"

"திட்டட்டும், விடு," என்றது மேல்கிண்ணம். "திட்டுவதற்கு அவள் இருக்கிறாளே."