கூத்தில் வந்த மந்திரி யார்?

திரைப்பட விருது நடுவரே, உங்களைத்தான் சொல்கிறேன். பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். அந்த நையாண்டிப் படத்துக்கு வேட்டி அவிழச் சிரித்தீர்கள். வெளியே வந்ததும் "எல்லை மீறிட்டான்" என்று மூக்கைச் சுளித்து, விருதை அழுகைப் படத்துக்குத் தூக்கிக் கொடுக்கத் தீர்மானித்தீர்கள். உங்களுக்காகவே இந்தக் கதை.

மாங்கோட்டை அரசன் கோதண்டராயன் சபையில் வருடா வருடம் கூத்துப் போட்டி. அரசன் கையிலும் ஐந்து மந்திரிகள் கையிலும் ஆளுக்கொரு தாமரை. பிடித்த கூத்தின் தாம்பாளத்தில் போட வேண்டும். ஒரு பூவும் விழாத கூட்டம் இனி அந்த நாட்டில் மத்தளம் தட்டக் கூடாது. அதுதான் வழக்கம்.

முதல் கூத்து, அரசனின் தாத்தா செய்த தான தர்மம். மந்திரிகள் சுகமாகத் தூங்கினார்கள். முடிந்ததும் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்தது வேம்பன் கூட்டத்தின் கூத்து. மந்திரி ஒருவன் ஊர்க் களஞ்சியத்தையே விழுங்கி ஏப்பம் விடுகிறான். அதை இடிச் சத்தம் என்று நம்பி, "மழை வருதுடா!" என்று குதிக்கிறான் ராஜா. ஜனங்கள் உருண்டு சிரித்தார்கள். மந்திரிகளும் சிரித்தார்கள், அரசன் முகத்தைப் பார்க்கும் வரை. பிறகு முன்வரிசை முழுக்க ஒரே இருமல்.

பெரிய மந்திரி ருத்ரப்பர், தாத்தா கூத்தின் தாம்பாளத்தை நோக்கி நடந்தார். வேம்பன் மத்தளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மத்தளம் போனால் அவன் கூட்டத்துக்குச் சோறு ஏது?

சபையில் சொக்கேசன் என்றொருவன், வாய்க்குப் பூட்டில்லாதவன். குறுக்கே வந்து நின்றான்.

"மந்திரியாரே, வேம்பன் கூத்து நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருந்தது. ஆனா என்னையல்லவா கேலி பண்றான்!"

"அடடா! களஞ்சியத்தை முழுங்கினது நீங்கதானா?"

ருத்ரப்பர் தாம்பாளத்தை விட்டு இரண்டடி பின்வாங்கினார்.

சொக்கேசன் அரசனிடம் திரும்பினான். "அரசே, கூத்து யாரைக் குத்தியதோ அவர் வேம்பனுக்குப் பூப் போட வேண்டாம். அதுதானே நியாயம்? ஆனால் பூப் போடாதவர் வீட்டுக் களஞ்சியத்தை மட்டும் நாளைக்குத் திறந்து பார்த்துவிடுவோம்."

"பேஷ்! அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன்.

"என்ன நடிப்பு! என்ன பாட்டு!" ஐந்து மந்திரிகளும் முண்டியடித்துக்கொண்டு ஓடினார்கள். ஐந்து பூவும் வேம்பன் தாம்பாளத்தில். முதல் பூ ருத்ரப்பருடையது.

அரசன் மட்டும் தன் பூவோடு தாத்தா பக்கம் மெல்ல நகர்ந்தான்.

"தாராளமாப் போடுங்க அரசே" என்றான் சொக்கேசன். "கூத்துல வந்த ராஜா யாருன்னு ஜனங்களுக்கு இதுவரைக்கும் சந்தேகம்தான். இப்போ தீர்ந்துடும்."

அரசன் வெடித்துச் சிரித்தான். பூவை வேம்பனுக்கே போட்டான். கழுத்து முத்து மாலையைக் கழற்றிச் சொக்கேசன் மேல் வீசினான்.

கேட்டீர்களா? கிரீடம் வைத்தவனே தன்னைக் கேலி செய்தவனுக்குப் பரிசு கொடுத்துவிட்டான். உங்களிடம் இருப்பது வெறும் நாற்காலிதானே, என்ன பயம்? "சிறப்புப் பாராட்டு" என்று ஒரு காகிதத்தை நீட்டிப் பேரம் பேசாதீர்கள், என்னிடம் நடக்காது. சிரித்தது நிஜம் என்றால், அந்தப் படத்துக்கு உரிய விருதை மேடையில் கூப்பிட்டுக் கொடுங்கள். இந்த வருடமே கொடுங்கள்!