ஜாக்கி பெரிசா, ராஜா பெரிசா

இப்போதெல்லாம் சீட்டாடுகிறவர்கள் சண்டையே போடுவதில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நாலு பேர் உட்கார்ந்தால் நாலு பேரும் போனைத் தடவுகிறார்கள். எங்கள் காலத்தில் சீட்டைக் கலைக்கும் முன்பே, "உங்க வீட்ல ஜாக்கி பெரிசா, ராஜா பெரிசா?" என்று கேட்டுக்கொள்வோம். கேட்காமல் உட்கார்ந்தவன் தோற்றுத்தான் எழுந்திருப்பான்.

அப்படித் தோற்ற ஒரு ராஜா கதையை, என்னோடு ஆடிய வண்டிக்கார மூக்கையா சொல்வான். அவன் பாதி புளுகன். சொன்னதைச் சொல்கிறேன்.

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று மூக்கையாவுக்கும் தெரியாது, ஒரு ராஜா தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போனார். மைத்துனன் வீட்டாரோடு சீட்டாடி, ராஜாச் சீட்டை ஓங்கிப் போட்டார். மைத்துனன் ஜாக்கியைப் போட்டு நாலு சீட்டையும் அள்ளினான்.

"என்னடா இது அநியாயம்?"

"எங்க வீட்ல ஜாக்கிக்கு முன்னால ராஜா சும்மா, அத்தான்!"

ராணியும் சிரித்துவிட்டாள். அதுதான் ராஜாவுக்குப் பொறுக்கவில்லை.

ஊர் திரும்பியதும் சபையில் கத்தினார். "வீட்டுக்கு வீடு ஒரு சட்டமா? இனி எங்கும் சீட்டுக்கு ஒரே சட்டம்தான்!"

மூத்த மந்திரிக்குச் சபை விகடன் கூத்தப்பிரானைக் கண்டால் ஆகாது. அந்த இடத்தில் தன் மருமகனை உட்காரவைக்க ஆசை. "பிரபு, கூத்தப்பிரானை அனுப்புங்கள். ஒரே சட்டம், எல்லா வீடும் மறுக்காமல் கைநாட்டு வைக்க வேண்டும். ஒரு மாதத்தில் முடியாவிட்டால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும்."

ராஜா தலையாட்டிவிட்டார்.

கூத்தப்பிரான் பத்தே நாளில் ஒரு கட்டு ஓலையோடு வந்தான். அத்தனையிலும் கைநாட்டு.

"பொய்!" என்றார் மந்திரி. "ஒருவர்கூட மறுக்கவில்லையா?"

"இல்லை ஐயா. முதல் கைநாட்டே தங்கள் வீட்டு அம்மாளுடையது. அந்த வீட்டில் ராணிக்கு மேல் சீட்டே கிடையாதாம்."

சபை சிரித்தது. மந்திரி உட்கார்ந்துவிட்டார்.

ராஜா ஓலையைப் பிரித்தார். ஒரே வரி: 'எவர் வீட்டுப் பாயில் சீட்டு விழுகிறதோ, அந்த வீட்டுக்காரர் சொன்னதே சட்டம்.'

"நான் கேட்டது ஒரே சட்டம்!"

"ஒன்றுதான் பிரபு. எண்ணிப் பாருங்கள்."

ராஜாவின் முகம் சிவந்தது. கூத்தப்பிரான் அருகே போய், குரலைத் தாழ்த்தினான். "இதில் தங்கள் மைத்துனரும் கைநாட்டு வைத்திருக்கிறார். பொங்கலுக்கு அவரை இங்கே அழையுங்கள். இது தங்கள் பாய்."

ராஜா ஒரு கணம் விழித்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, கைக்கடகத்தைக் கழற்றி அவன் கையில் மாட்டினார்.

நேற்று கல்யாண மண்டபத்தில் இதைச் சொன்னேன். போனில் ஆடிக்கொண்டிருந்த ஒருவன், "எல்லா ரூலும் இதுலயே இருக்கு, பெரியவரே. வந்து உட்காருங்க" என்றான்.

"இது யார் வீட்டுப் பாய்?" என்று கேட்டேன்.

அவன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.