பேசாத ரூமுல மூணு பேரு

ஃபோனை எல்லாம் கவுத்து வைங்கப்பா. உங்களுக்கு மன அமைதின்னா டேட்டா தீர்ந்துபோன அரைமணி நேரம்தானே. இது அமைதிக்குன்னே ஒரு ரூம் செஞ்ச மனுசன் கதை. சிரிக்காம கேளுங்க. சரி, கொஞ்சம் சிரிச்சுக்கோங்க.

அவரு பேரு தாமோதரன். அம்பத்திரண்டு வயசு. மில் வேலைய விட்டுட்டு, வீடுகளுக்கு இன்டீரியர் வேலை செய்யற ஜெசிந்தாகிட்டத் தொழில் கத்துக்கச் சேர்ந்தவரு. ஜெசிந்தாவுக்கு முப்பத்திநாலு. அவரு இவங்களை டீச்சர்ம்பாரு, இவங்க அவரை அண்ணாம்பாங்க.

கோயமுத்தூர்ல தாமோதரன் குடியிருக்கிற அபார்ட்மெண்ட்ல எல்லாருக்கும் பொதுவா ஒரு காலி ரூம். அதுல எந்தச் சாமி படம் மாட்டறதுன்னு ரெண்டு வருசம் சண்டை. கடைசியில எந்தப் படமும் வேண்டாம், பெருசுங்களும் சின்னதுங்களும் சும்மா ஒண்ணா உக்காரட்டும்னு முடிவாச்சு. வேலை ஜெசிந்தாகிட்ட வந்துச்சு. அவங்க அதைத் தாமோதரன் கையில குடுத்துட்டாங்க.

முதல் தடவை சுவரெல்லாம் வெள்ளை. ஆஸ்பத்திரி மாதிரி இருக்குன்னு பெருசுங்க வரல. ரெண்டாவது தடவை கருநீலம். வந்த சின்னதுங்க குறட்டை விட்டுத் தூங்குச்சுங்க. மூணாவது தடவை சுவர் பூரா சத்தத்தை அடக்கற கார்க் அட்டை ஒட்டி, வெளிச்சத்தம் வராத கதவு போட்டு, மூலையில தண்ணி சலசலக்கற குட்டி மோட்டார் வெச்சாரு. அதுக்குள்ள மனுசனுக்கு இடுப்பு போச்சு, தூக்கம் போச்சு.

இவ்வளவு பாடு ஊருக்காக இல்ல. அவரு அப்பா அங்கமுத்துவும், மக பிருந்தாவும் பேசி எட்டு மாசம் ஆச்சு. பிருந்தா காலேஜைப் பாதியில விட்டுட்டு வந்தா. தாத்தா உன்னைத் தண்டச்சோறுங்கறாருன்னு தாமோதரன்தான் அவகிட்ட வந்து சொன்னாரு. அன்னைக்கோட பேச்சு நின்னுச்சு. இப்ப பெரியவரு, ஞாயித்துக்கிழமை தாராபுரம் போறேன், இனி தங்கச்சி வீட்டோடயே இருந்துக்கறேன்னுட்டாரு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெசிந்தா ரூமைப் பாக்க வந்தாங்க.

"டீச்சர், இன்னும் என்ன வெச்சா இதுங்க ரெண்டும் பேசும்?"

ஜெசிந்தா நாற்காலிங்களைப் பாத்தாங்க. மூணு.

"நடுவுல யாருக்குண்ணா?"

"எனக்குத்தான். வீட்டுல டிவி ஒரு பக்கம் அலறும், மிக்ஸி ஒரு பக்கம். அவரு சொல்றதை இவகிட்ட, இவ சொல்றதை அவருகிட்ட நாந்தான் கொண்டு போவேன். தபால்காரன் பொழப்பு."

"ரொம்ப வருசமாவா?"

"அதையேன் கேக்கறீங்க. அலுத்துப் போச்சு."

ஜெசிந்தா மூலைக்குப் போயி தண்ணி மோட்டாரோட பிளக்கைப் புடுங்கினாங்க. சலசலப்பு நின்னுச்சு.

"டீச்சர், அது மனசுக்கு இதமா இருக்கும்னு..."

"இருக்கட்டும். அவங்களைக் கூப்பிடுங்க."

ரெண்டு பேரும் வந்து ஆளுக்கொரு பக்கம் உக்காந்தாங்க. நடுவுல தாமோதரன். ஜெசிந்தா கதவைச் சாத்திட்டு அதுலயே சாஞ்சு நின்னாங்க. பெரியவரு மூச்சு விடறது கூடக் கேட்டுச்சு.

பிருந்தா தும்மினா.

பெரியவரு மகன் பக்கம் குனிஞ்சு மெதுவாச் சொன்னாரு. "தாமு, ஃபேனைக் குறைக்கச் சொல்லப்பா. புள்ளைக்குச் சளி புடிச்சிருக்கு."

தாமோதரன் இந்தப் பக்கம் திரும்பினாரு. பழக்க தோசம், வாய் தானா ஓடுச்சு. "ஏம்மா, இங்க வந்தும் உனக்கு ஃபேன் கேக்குதான்னு கேக்கறாரு."

பிருந்தா அப்பாவைப் பாத்தா. அப்புறம் அவரைத் தாண்டித் தாத்தாவைப் பாத்தா.

"அவரு அப்படிச் சொல்லலயேப்பா. எனக்கே கேட்டுச்சு."

பெரியவரும் திரும்பிட்டாரு. தாமோதரனுக்குக் காது சுட்டுது.

"சும்மா... கொஞ்சம் கண்டிச்சுச் சொன்னா நீ கேப்பியேன்னு..."

"அப்ப அன்னைக்கு? தண்டச்சோறுன்னு?"

"என்ன தண்டச்சோறு?"ன்னாரு பெரியவரு.

தாமோதரன் எழுந்திருக்கப் பாத்தாரு. கதவுகிட்ட நின்ன ஜெசிந்தாவைப் பாத்தாரு.

"டீச்சர், நீங்களாவது ஏதாவது சொல்லுங்க."

"உங்களைத்தாண்ணா கேக்கறாங்க."

தாமோதரன் மக பக்கம் திரும்பினாரு.

"அவரு சொல்லலம்மா," அப்படின்னாரு. "என் கோவத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. அவரு பேரைப் போட்டு நாந்தான் சொன்னேன்."