கண்ணு வைக்காத பொம்மை

ஒரு ஊர்ல, ஆத்துக்கு அந்தப் பக்கம், மருதாயின்னு ஒருத்தி பொம்மை செஞ்சு பொழைச்சுக்கிட்டு இருந்தா. புருசன் இல்லை. வேம்புன்னு ஒரே மக, ஆள் சின்னது, பிடிவாதம் பெருசு. உன்னை மாதிரின்னு வச்சுக்கோயேன். சிரிக்காம கேளு.

மருதாயி பொம்மையை ஊரே பாக்கும், நல்லாருக்குன்னு சொல்லும், சொல்லிட்டுப் போயிரும். வாங்க ஆளில்லை. அந்த ஊர்ச் சந்தையில விக்காத கடையை எடுத்துட்டு வேற ஆளுக்கு எடத்தைக் குடுத்துருவாங்க. வர்ற தேர்ச் சந்தையிலயும் விக்கலைன்னா ஆத்தாளும் மகளும் ஊரை விட்டே கெளம்ப வேண்டியதுதான்.

சரின்னு ஒரு கிளி செஞ்சா. மூக்குக்குச் செகப்பு, றெக்கைக்குப் பச்சை. மககிட்ட நீட்டுனா. வேம்பு வாங்கிப் பாத்தா, கீழ வச்சா, அடுப்படியில கெடந்த அம்மிக் குழவியைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டுப் போயிட்டா. அப்புறம் தும்பிக்கை ஆடுற யானை ஒண்ணு செஞ்சா. வாங்கிப் பாத்தா, கீழ வச்சா, குழவியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. அப்புறம் நகையெல்லாம் பூட்டி ஒரு ராணி செஞ்சா. அதையும் வாங்கிப் பாத்தா, கீழ வச்சா, குழவியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா.

மருதாயிக்குக் கோவம் வந்துருச்சு. "குடுடி குழவியை, மொளகா அரைக்கணும்."

"மாட்டேன். பாப்பாவுக்குக் கண்ணு எரியும்."

கல்லுக்கு ஏதுடி கண்ணுன்னு புடுங்கிப் பாத்தா, கந்தத் துணி சுத்தியிருக்கு, உச்சியில மையால ரெண்டு கண்ணு வரைஞ்சிருக்கு. தெனமும் ஆத்தா கவனிக்காம அரைச்சுக் கழுவுறப்ப அழிஞ்சிரும், தெனமும் இவ மறுபடி வைப்பாளாம்.

"ஏன்டி, அந்தக் கிளிக்குக் கண்ணு இல்லையா, யானைக்கு இல்லையா, ராணிக்கு இல்லையா?"

"அதெல்லாம் உன்னைத்தாம்மா பாக்குது. நீதானே வரைஞ்ச. இது முழிச்சதும் என்னைத்தான் மொதல்ல பாத்துச்சு."

மருதாயி அப்படியே உக்காந்துட்டா. கோயில்ல சாமி செலைக்குக் கடைசியாத்தானே கண்ணு தொறப்பாங்க, தொறக்குறப்ப எதுக்க யாரையும் நிக்க விட மாட்டாங்கல்ல, அது ஞாபகம் வந்துச்சு. இத்தனை நாளும் பிள்ளைங்க செய்ய வேண்டிய வேலையை நானே செஞ்சு கெடுத்துருக்கேனேன்னு அவளுக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

அப்புறம் என்ன, கண்ணில்லாத பாப்பா ஒண்ணு மண்ணுல செஞ்சு பக்கத்து வீட்டுப் பிள்ளைங்ககிட்ட குடுத்தா. போட்டு ஒடைச்சுப்புட்டுதுங்க. மரத்துல செஞ்சா. ஒண்ணு இன்னொண்ணு மண்டையில போட்டு வீங்கிப் போச்சு. கடைசியில துணியில இலவம்பஞ்சை அடைச்சு, அந்தக் குழவியை அளவா வச்சுத் தச்சா. இடுப்புல வச்சதும் ஒட்டிக்கிச்சு. சாயங்காலம் திருப்பிக் கேட்டா ஒரு பிள்ளையும் குடுக்கலை. ஆகா, இதுதான்னு வீடு நெறைய தைக்க ஆரம்பிச்சா. வாங்குற பிள்ளையே கண்ணு வரைஞ்சுக்கட்டும்னு பொம்மைக்கு ஒரு சிப்பி, அதுல துளி மை.

ம் கொட்டு, தூங்கிட்டியா? இப்பத்தான் அந்தப் பய வர்றான்.

சோணாசலம்னு ஒரு பொம்மை வியாபாரி. வாய் முழுக்கச் சக்கரை. வந்து எட்டிப் பாத்துட்டு, "என்ன தங்கச்சி, ஒண்ணுக்குமே கண்ணு வைக்கலையே"ன்னான்.

"நீங்க வைக்காம இருந்தாச் சரிண்ணே"ன்னா மருதாயி.

ஈன்னு இளிச்சுக்கிட்டே மாதிரிக்குன்னு ஒண்ணை வாங்கிக்கிட்டுப் போனான். போனவன் சும்மா இருந்தானா? ஊர்ல உள்ள தையக்காரங்களையெல்லாம் உக்கார வச்சு, வண்டி வண்டியாத் தச்சு, பாவம் இவளுக்குக் கண்ணு வரையத் தெரியலைன்னு நெனச்சு, அத்தனைக்கும் தாம்பாளம் மாதிரிக் கண்ணு தன் கையாலயே வரைஞ்சான். வரைஞ்சு முடிச்சு, தேர்ச் சந்தையில மருதாயி கடை விரிக்குறதுக்கு முந்தியே, சந்தைக்கு வந்திருந்த ராசாகிட்ட அவளையும் இழுத்துக்கிட்டுப் போய் நின்னான்.

"மகாராசா, என் பொம்மையை இவ திருடிட்டா. திருடுன அவசரத்துல கண்ணு கூட வைக்கலை, நீங்களே பாருங்க."

ராசா ரெண்டையும் வாங்கிப் பாத்தாரு. அதே துணி, அதே உசரம். ஒண்ணு முழுசு, ஒண்ணு அரைகொறை. யாரு பாத்தாலும் அவன் சொல்றதுதான் நெசம்னு தோணும். அடுத்தவன் சரக்கைத் திருடுனவங்க அந்தச் சந்தைப் பக்கமே கால் வைக்கக் கூடாதுன்னு சட்டம் வேற.

ராசா கேட்டாரு: "சோணாசலம், ஏன் இந்த உசரத்துல தச்சே?"

"அழகா இருக்கட்டும்னு, மகாராசா."

"நீ சொல்லும்மா."

அவ வாயைத் தொறக்குறதுக்குள்ள, வேம்பு கூட்டத்தை இடிச்சுக்கிட்டு வந்து, இடுப்புல இருந்த குழவியை எறக்கிப் பொம்மை பக்கத்துல படுக்க வச்சா. தலையும் தலையும் ஒண்ணு, காலும் காலும் ஒண்ணு. அன்னைக்குக் காலையில வச்ச மை கல்லுல பளபளன்னு இருந்துச்சு.

"கண்ணு ஏன் வைக்கலை?"ன்னாரு ராசா.

"வாங்குற பிள்ளைங்கதான் சாமி தொறக்கணும்"னா மருதாயி.

ராசாவுக்கு அது வெளங்கலை. கூட்டத்துல நின்ன ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு, எது வேணும்னு கேட்டாரு. அது சோணாசலம் பொம்மையைத் தூக்கி, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, "இது அந்த மாமாவைப் பாத்துடுச்சு, எனக்கு வேணாம்"னு வச்சுட்டு, மத்ததை எடுத்து, மையைத் தொட்டு, கோணலும் மாணலுமா ரெண்டு கண்ணு வச்சு, மூஞ்சிக்கு நேரா புடிச்சுச்சு. அவ்வளவுதான், ராசாவே குடுன்னு கேட்டும் குடுக்கலை.

ராசா சிரிச்சுட்டாரு. "சரிதான். கண்ணு தொறந்ததும் மொதல்ல யாரைப் பாத்துச்சோ அவங்க பிள்ளைதான் அது. ஓய் சோணாசலம், உன் வண்டியில இருக்கிறதெல்லாம் மொதல்ல யாரைப் பாத்துச்சு?"

"என்னைத்தான் மகாராசா."

"அப்ப அத்தனையும் உன் பிள்ளைங்க. பெத்த பிள்ளையை யாராவது விப்பாங்களா? ஒண்ணு விடாம வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ. தூக்கிப் போட்டேன்னு கேள்விப்பட்டேன், நடக்குறதே வேற."

மருதாயி கடையில அன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள ஒரு பொம்மை மிச்சமில்லை. சந்தை முழுக்கப் பிள்ளைங்க கையெல்லாம் மை. வேம்பு மட்டும் அந்தக் குழவியை விடலை, ஆத்தா பாவம் வேற குழவி வாங்கிக்கிட்டா.

சோணாசலம் என்ன ஆனான்? கூடத்துல பொம்மை, அடுக்களையில பொம்மை, கட்டிலுக்கு மேல பொம்மை. இலையில சோத்தைப் போட்டுக்கிட்டு உக்காந்தா அத்தனை கண்ணும் அவன் வாயையே பாக்கும். தின்னது அவனுக்குச் செரிக்கலைன்னு பொண்டாட்டி தெனமும் உப்பும் மொளகாயும் எடுத்துச் சுத்திப் போட்டுக்கிட்டே இருக்காளாம். அடுத்தவ சரக்கு மேல கண்ணு வச்சான், இப்ப ஊருக் கண்ணு மொத்தமும் அவன் வீட்டுல.

அவன் முழிச்சுக்கிட்டே கெடக்கட்டும், நீ கண்ணை மூடு.